என் காரில் இருந்த இன்னொருவரின் பூட்டு

உரியவனுக்குத் திறந்து அயலானுக்கு மூடுவதே பூட்டின் இலக்கணம். அயலானின் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு உரியவனை நடுவீதியில் நிறுத்தும் பூட்டு ஒன்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என் சொந்தக் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதையும், அதன் பின்னர் பழைய வாகனங்களின் விலை எங்கள் கண்ணெதிரே ஏறியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில், 2021இன் தொடக்கத்தில், ஒருவர் பாவித்த ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினேன். முதல் உரிமையாளர் அதனை லீசிங்கில் எடுத்து, தவணைகளை முழுவதுமாகக் கட்டி முடித்திருந்தார். நிதி நிறுவனத்தின் பெயர் பதிவுப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. கடதாசியில் எந்தக் குறையும் இல்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் பெற்றரி இறங்கிப்போய்க் கிடக்கும். ஓடாத வாகனத்தின் பெற்றரி இறங்கத்தானே செய்யும் என்றெண்ணிப் புதிய பெற்றரி ஒன்றையும் வாங்கிப் போட்டேன். அதுவும் இறங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நள்ளிரவு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் மனைவியின் தமையனாருக்கு நெஞ்சுவலி வந்தது. அவரைத் தாங்கி வந்து காரில் ஏற்றினோம். ஸ்ரார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. பத்து நிமிடங்கள் முயன்றேன். அடுத்த ஒழுங்கையில் இருந்த முச்சக்கரவண்டிக்காரத் தம்பி நித்திரையிலிருந்து எழுந்து வந்து அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அத்தான் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மறுநாள் வந்து பார்த்த வாகன மின்திருத்துநர் டாஷ்போர்டின் கீழே படுத்தபடியே கேட்டார்: "ஐயா, இது உங்கட காரோ, இல்லாட்டி வேற ஆற்றையுமோ?"

அவர் இழுத்துக் காட்டியது தீப்பெட்டியிலும் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் அட்டை. பக்கத்தில் ஒரு ரிலே. பெற்றோல் பம்புக்குச் செல்லும் வயரை வெட்டி, அந்த ரிலேயின் ஊடாகத் திருப்பி இணைத்திருந்தார்கள். வாகனம் எங்கே நிற்கிறது என்பதை அறியவும், களவு போனாலோ தவணை தவறினாலோ தூரத்திலிருந்தே எஞ்சினை முடக்கவும் உதவும் ஏற்பாடு அது. இரவும் பகலும் விழித்திருந்து பெற்றரியைச் சிறிது சிறிதாகக் குடித்ததும் அதுவே. நாளடைவில் ரிலேயின் தொடுமுனை கருகிப்போய், அன்றிரவு பம்புக்கு மின்சாரம் கிடைக்கவில்லை.

அதனைப் பொருத்திய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பழைய வாடிக்கையாளர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், கழற்றுவதற்குக் கட்டணமும் உண்டு என்றார்கள். என் காரில் என் அனுமதியின்றி இருக்கும் பொருளை அகற்ற நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பிள்ளை, பாவம், "நடைமுறை அப்பிடித்தான் சேர்" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, மின்திருத்துநரிடம் வெட்டிவிடுமாறு சொன்னேன்.

அவர் வெறுமனே வெட்டவில்லை. முதலில் பெற்றரியின் மறை முனையைக் கழற்றினார். பெட்டியின் ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார். வெட்டுண்ட பம்பு வயரின் இரு முனைகளையும் மீண்டும் ஒன்றாக ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் உறையை அதன்மேல் ஏற்றினார். முறுக்கி ரேப் சுற்றிவிட்டால் நாளைக்கு அது சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும் என்றார். காற்றுப்பைக்குரிய மஞ்சள் நிற வயர்களைத் தொடவே இல்லை. எல்லாம் முடிய முக்கால் மணித்தியாலம். பெற்றரி அதன் பின்னர் ஒருமுறையேனும் இறங்கவில்லை.

திருட்டுத் தடுப்பே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தயாரிப்பாளரே பொருத்தும் இம்மொபிலைசர் வேறு வகையானது. திறப்புக்குள் இருக்கும் சிறு சில்லை வாகனத்தின் கணினி அடையாளம் கண்டால் மட்டுமே எஞ்சின் ஓடும். பிரித்தானியா 1998இலும் அவுஸ்திரேலியா 2001இலும் புதிய கார்களுக்கு அதனைக் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் அது இல்லாமல் விற்கப்பட்ட சில தென்கொரியக் கார்களை 2021 முதல் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திருடியதையும் பார்த்தோம். அந்தப் பூட்டின் திறப்பு உரிமையாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் கைவைக்க வேண்டியதில்லை. நான் சொல்வது, திறப்பு வேறொருவரின் கணினியில் இருக்கும் பூட்டைப் பற்றி.

கடன் கொடுத்தவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், கடன் இருக்கும் வரைக்கும். அதற்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. 2010இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், கார் விற்பனை நிலையமொன்றிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர், இன்னொருவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, தவணை ஒழுங்காகக் கட்டியவர்கள் உட்பட நூற்றுக்கும் அதிகமானோரின் வாகனங்களைக் குழப்பினார். சில கார்கள் ஓட மறுத்தன; சிலவற்றின் ஹோர்ன் ஓயாமல் அலறியது. நூறு வீடுகளின் காலைப்பொழுதைக் கெடுக்க ஒரே ஒரு மனிதனின் கோபம் போதுமாயிருந்தது. அந்த நூறு வீடுகளில் ஒன்றில் ஒரு நெஞ்சுவலிக்காரர் இருந்திருந்தால்?

ஆகவே நான் கோருவது மூன்று விடயங்கள். இத்தகைய கருவி பொருத்தப்படுவதை லீசிங் ஒப்பந்தம் வாடிக்கையாளரின் தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசித் தவணை கட்டிய அன்றே, நிறுவனம் தன் பெயரைப் புத்தகத்திலிருந்து நீக்குவதுபோலவே தன் பெட்டியையும் தன் செலவில் நீக்க வேண்டும். வாகனத்தை விற்பவர் அதில் இருக்கும் கருவிகளை மறைக்காமல் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்.

அதுவரையில், பாவித்த வாகனம் வாங்குவோர் எஞ்சினையும் ரயரையும் பார்ப்பதுடன் நின்றுவிடாதீர்கள். இது லீசிங்கில் இருந்த வாகனமா என்று கேளுங்கள். ஆம் என்றால், ஒரு நல்ல மின்திருத்துநரை அழைத்து டாஷ்போர்டின் கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள். அகற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வாகனத்தை நிறுத்தவும் ஓட்டவும் உள்ள அதிகாரமும் உங்களிடமே இருக்க வேண்டும்.