நான் கொக்கு அல்ல, ஸ்வாமி!

"விடியற்காலையில் சமையலை முடித்துவிட்டு, பஸ் பிடித்து ஆபீஸுக்கு ஓடுகிறேன். திரும்பி வந்தால் மறுபடியும் அடுப்பு. 'நன்றாயிருக்கிறது' என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. வேலையில் உற்சாகம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு சகோதரி.

சட்டென்று கீதையை எடுத்து நீட்டிவிடலாம். "பலனை எதிர்பாராதே, அம்மா!" என்று உபதேசித்துவிட்டுக் காப்பிக்குக் கை நீட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் இரண்டாம் அத்தியாயத்து 47-ஆம் சுலோகத்தின் கடைசிப் பாதத்தை அவர்கள் சொல்வதேயில்லை. வேலை செய்யாமல் சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறது அது!

எனக்கு அதைவிடப் பிடித்தது, மகாபாரதம் வன பர்வத்தில் மார்க்கண்டேயர் தருமபுத்திரருக்குச் சொல்லும் கதை. மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்த கௌசிகர் தலையில் கொக்கு எச்சமிட்டது. அவர் கோபத்தோடு அண்ணாந்து பார்த்தார். கொக்கு செத்து விழுந்தது. பிறகு பிட்சைக்குப் போன வீட்டில், கணவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள் அவரைக் காக்க வைத்துவிட்டாள். முறைத்தார். "நான் கொக்கு அல்ல, ஸ்வாமி" என்றாள்! (நம் பக்கத்தில் இதுவே வாசுகி அம்மையார், கொங்கணவர் கதையாகிவிட்டது.)

காட்டில் நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தவரை, தர்மம் கற்க மிதிலைக்கு அனுப்பினாள். அங்கே குருவாக வாய்த்தவர் யார் தெரியுமா? இறைச்சி விற்றுக்கொண்டிருந்த தருமவியாதர்! விவேகானந்தர் கர்மயோகத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொன்னார்.

இவ்விருவருக்கும் யாரும் மாலை போடவில்லை. கை செய்த வேலையில் மனமும் இருந்தது, அவ்வளவே. எனக்கும் இதில் சிறிது அநுபவம் உண்டு. புரூப்பில் பிழை விட்டால் கடிதங்கள் குவியும். பிழையில்லாத பக்கத்துக்கு ஒன்றுகூட வராது. ஆனாலும், விட்டுப்போன ஒற்றெழுத்தை அதன் இடத்தில் உட்கார வைக்கும்போது உள்ளே ஒரு சின்ன சந்தோஷம். அதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை.

அதற்காக வீட்டார் வாய் திறக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கதையின் முடிவைக் கேளுங்கள். பெற்றோரிடம் சொல்லாமல் வேதம் படிக்கக் கிளம்பியவர் கௌசிகர். அந்தத் துக்கத்தில் முதியவர்கள் இருவருக்கும் கண் போய்விட்டது. "முதலில் வீட்டுக்குப் போய் அவர்களைக் கவனியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் தருமவியாதர். வீட்டுக் கடமை கடைசியில் ஆண்பிள்ளை தலையில் அல்லவா விடிந்தது!

அந்தப் பகுதியை மட்டும் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் உரக்கவே படியுங்கள், சகோதரி. ரசம் இரண்டு நிமிஷம் தாமதமானால் ஆகட்டும். நீங்களும் கொக்கு அல்லவே!