கிராபிக்ஸ் கார்டும் வீட்டுக் கணக்கும்

இக்காலத்து மாணவருட் பலர் கணினி விளையாட்டில் பெருவிருப்பம் உடையர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விளையாட்டின் காட்சிகளைத் திரையில் தீட்டித் தருவது கிராபிக்ஸ் கார்டு. உயர்ந்த விலையுடைய கார்டுகளுள் எதனை வாங்குவது என்னும் வினா எழுந்த அளவிலே, நண்பர் கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்து, ஒருசாரார் என்விடியாவையும் மற்றொரு சாரார் ஏ.எம்.டி.யையும் உயர்த்திப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். நிறுவனத்தின் பெயர் நோக்கி வாங்குதல் முறையன்று. தன் திரையையும் தன் இல்லத்தையும் அளந்து வாங்குதலே முறையாம் என்பது எம் கருத்து.

முதற்கண், இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை எத்துணையது எனக் காண்போம். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ., ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி. ஆகிய இரண்டும் 2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெளிவந்தவை. இரண்டிற்கும் நினைவகம் 16 ஜி.பி.; மின்தேவை முறையே 300, 304 வாட். இரண்டின் சில்லுகளும் தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. ஆலையிலேயே உருவாகின்றன. அறிவிக்கப்பட்ட விலையோ முன்னதற்கு 749 டாலர். பின்னதற்கு 599 டாலர். ஒளிக்கதிரின் போக்கைக் கணித்து நிழலையும் பிரதிபிம்பத்தையும் காட்டும் ரே டிரேசிங் முறையை 2018-ல் என்விடியாவும், 2020-ல் ஏ.எம்.டி.யும் தத்தம் கார்டுகளிற் கொணர்ந்தன. அதன்கண் என்விடியாவிற்குத் தேர்ச்சி மிகுதி. ஆதலின் அதனை விரும்புவோரும், பிளெண்டர் முதலிய மென்பொருளால் முப்பரிமாணப் படம் அமைப்போரும் என்விடியாவை நாடுதல் பொருந்தும். அவை வேண்டாதார் 150 டாலரை மிகையாக ஈதல் எற்றுக்கு?

இனி, இவற்றினும் மேலாய ஆர்.டி.எக்ஸ். 5090-ஐ நோக்குவோம். அதற்கு நிகராக அத்தலைமுறையில் ஏ.எம்.டி. ஒன்றும் வெளியிட்டிலது. அறிவித்த விலை 1,999 டாலர். மின்தேவை 575 வாட். அதற்கென 1,000 வாட் பவர் சப்ளையும் வேண்டும். 4-கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. நம்மவர் பலர் வைத்திருக்கும் 1080-பி திரையிலோ அதன் காற்பங்கே உண்டு. சிறு திரையின் முன் இப்பெருங்கார்டின் ஆற்றலிற் பெரும்பகுதி வாளா கிடக்கும்.

"பின்னாளைக்கும் உதவுமே" என்பர் சிலர். 2022 மார்ச்சில் 1,999 டாலர் விலையில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 டி.ஐ.யின் வேகத்தை, 2023 ஜனவரியில் 799 டாலருக்கு வந்த 4070 டி.ஐ. ஏறக்குறைய எட்டிவிட்டது. பத்துத் திங்களில் பழமையாவதைப் பின்னாட் செல்வம் எனல் யாங்ஙனம்?

நிற்க. திருப்பரங்குன்றத்தில் வாழும் நாம் மறக்கலாகாத செய்தி வெப்பம். கார்டு உண்ணும் மின்சாரம் முழுதும் இறுதியில் வெப்பமாகவே அறையில் இறங்கும். சித்திரை வெயிலைப் பகலெல்லாம் வாங்கிய குன்றின் அடிவாரத்தே, மொட்டைமாடிக்குக் கீழுள்ள சிற்றறையில், 575 வாட் அடுப்பொன்றை மூட்டிவைத்து யார் விளையாடுவார்? நாள்தோறும் நான்கு மணி நேரம் அக்கார்டு முழு ஆற்றலுடன் இயங்கின், இரு திங்களில் 138 யூனிட் செலவாம். 304 வாட் கார்டிற்கு 73 யூனிட்டே. வீடுகட்கு இரு திங்கட்கு 100 யூனிட் இலவசம் என 2016-ல் தமிழகத்தில் ஏற்பட்ட சலுகை, விளக்கிற்கும் விசிறிக்கும் உதவவேண்டியது. அதனை ஒரு விளையாட்டே விழுங்கி மேலும் 38 யூனிட் கேட்குமாயின், அக்கட்டணத்தைச் செலுத்துபவர் விளையாடுபவர் அல்லர், அவர்தம் தந்தையாரே.

விளையாட்டு தீது என்று யாம் கூறோம். ஆயின், "படிப்பிற்கு வேண்டும்" என்று சொல்லிப் பெற்றோரின் நகை அடகுக்கடை சேரக் காரணமாதல் மாணவர்க்கு அழகன்று. நண்பர்காள்! உங்கள் திரை எத்தகையது, அறை எத்துணை வெப்பம் தாங்கும், இல்லத்தின் வருவாய் யாது என்னும் மூன்றையும் வீட்டாரோடு அமர்ந்து உண்மையாகக் கணக்கிடுங்கள். அக்கணக்கிற்கு இசைந்த கார்டு எந்நிறுவனத்ததாயினும் அதுவே உயர்ந்ததாகும்.