மூட்டையை அவிழ்ப்போம்



கடந்த மாதம் சிறுசேமிப்புப் பற்றிப் பேசினோம். இம்முறை வீட்டை அழகுபடுத்துவது பற்றி எழுதும்படி இரண்டு வாசகியர் கேட்டிருந்தனர். "பூச்சே பூசாத வீட்டுக்கு என்ன அலங்காரம்?" என்று உங்களிற் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்குக் கோபமும் வரலாம். அது நியாயமான கோபந்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகத் தரப்பட்டது. அதற்குள் அத்திவாரம், சுவர், கூரை என்று முடித்து, கதவுக்கும் யன்னலுக்கும் கடன்பட்டு, இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனது வேலையில் அடிக்கடி காண்கிறேன். ஆகையால் கடையில் காசு கொடுத்து வாங்கும் அலங்காரம் பற்றி இங்கு ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை. கட்டிய வீட்டை நம்முடைய வீடாக்குவது எப்படி என்பது பற்றியே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மயிலிட்டியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த அக்கா 1990இல் ஊரைவிட்டு எழும்பியவர். நலன்புரி முகாமில் 27 ஆண்டுகள் இருந்து, 2017இல் ஊர் விடுவிக்கப்பட்ட பின்னரே தமது காணியை மீண்டும் மிதித்தார். கணவர் 1996இல் கடைக்குப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. நான் சென்றபோது வீடு கட்டி முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. முன்னறை வெறுமையாக இருந்தது. மூலையில் ஏழு உரப்பைகள் வாய் கட்டியபடி கிடந்தன. சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. ஒரு சட்டை எடுப்பதென்றாலும் பையை அவிழ்த்து, எடுத்து, திரும்பக் கட்டி வைத்தார்.

"ஏனக்கா, இன்னும் அடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எந்த நேரம் எழும்பச் சொல்லுவாங்களோ ஆருக்குத் தெரியும் பிள்ளை? கட்டின மாதிரியே இருந்தால் தூக்கிக்கொண்டு போறது சுகம். இது ஆரோ தந்த வீடுதானே."

பின்னர் மெல்ல இன்னொன்றும் சொன்னார். குடிபூரலன்று பால் காய்ச்சியது அவர் அல்ல, அவருடைய மச்சாள். நிறைகுடம் வைத்ததும் மச்சாள்தான். இவர் குசினிக்குள் நின்றாராம். யாரும் அவரை விலகி நிற்கச் சொல்லவில்லை. தாமாகவே விலகி நின்றிருக்கிறார்.

"காணி ஆற்றை பேரிலை அக்கா?"

"என்ரை பேரிலைதான். அம்மா சீதனமாய் எழுதினவ."

"உறுதி எங்கை?"

அவர் பைகளைக் காட்டினார். நாலாவது பையில் உறுதி இருந்தது. அதனோடு சேர்ந்து தாயாரின் சுளகும் ஒரு மூக்குப்பேணியும் வெளியே வந்தன. அவற்றைத் திரும்பப் பைக்குள் போட அவருக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் தாயின் காணியும் வீடும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது நெடுநாளைய வழக்கம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலும் சீதனச் சொத்துக்கு முக்கிய இடம் உண்டு. அதே சட்டத்தில், மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்ற விலங்கும் இருக்கிறது. கணவர் காணாமற்போன பெண்கள் இதனால் நீதிமன்றம்வரை அலைய நேர்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சுவருக்கு யார் காசு தந்தாலும் அந்த நிலம் அக்காவின் தாயார் கொடுத்தது. "ஆரோ தந்த வீடு" என்பது சரியல்ல.

<b>நம் முன்னோர் வீடு</b>

எமது பழைய நாற்சார் வீடுகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும். முற்றத்தால் வெளிச்சமும் காற்றும் வீட்டின் உள்ளே வந்தன. முன்புறம் திண்ணை. சில வளவுகளில் படலைக்கு மேல் சிறு கூரை போட்ட சங்கடப்படலை. வெயிலில் வரும் வழிப்போக்கர் அதன் நிழலில் ஆறிப் போகலாம். உள்ளே பெரிய பெட்டகம். காணி உறுதியும் நகையும் பித்தளைப் பாத்திரமும் அதற்குள் இருக்க, மேலே பாய் விரித்துப் படுப்பதும் உண்டு. குசினியில் உறி, சுவரில் விளக்கு மாடம்.

நாங்கள் நாளாந்தம் சொல்லும் கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, வாங்கு, சாவி, குசினி என்பன எல்லாம் போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தரும், அதன்பின் ஆங்கிலேயரும் வந்தனர். பிடிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கதிரையை எங்கள் ஆட்கள் சாய்மனைக் கதிரையாக்கி விறாந்தையில் போட்டுக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்ததையும் பாவித்துப் பாவித்துத் தம்முடையதாக்கிய வீடுகள் இவை.

நடு முற்றத்தின் அருமையை உலகமும் அறிந்திருக்கிறது. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடுவில் முற்றம் வைத்ததற்காகவே இன்றும் பேசப்படுகிறது. எங்கள் அம்மம்மாமாருக்கு அது புதினமல்ல.

ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றை மறைக்க முடியாது. பழைய வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தலைவாசலும் திண்ணையும் ஆண்களுக்கும் விருந்தினருக்கும் உரியவை. பெண்கள் உள் தாழ்வாரத்திலும் அடுப்படியிலும். சாதியின் பெயரால் படலையோடு நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். கணவனை இழந்தவள் நல்ல காரியத்தன்று அறைக்குள் இருந்தாள். அந்த வீட்டின் காற்றையும் வெளிச்சத்தையும் நாம் எடுத்துக்கொள்வோம். அந்த மூலைகளை விட்டுவிடுவோம்.

கோப்பாயில் எனது அம்மம்மாவின் வீடும் நாற்சார் வீடுதான். 1995 ஒக்ரோபர் கடைசியில் இரவோடிரவாக வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது ஆறு வயது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கதவில்லை, யன்னலில்லை, பாதி ஓடும் இல்லை. அம்மம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தா. பிறகு விளக்குமாறு தேடியெடுத்து முற்றத்தைக் கூட்டி, சாணம் கரைத்துத் தெளித்தா. ஓடு போடுவதற்கு இரண்டு வருடம் சென்றது. ஆனால் அன்றைக்கே அது எங்கள் வீடாகிவிட்டது.

<b>காசில்லாமல் என்ன செய்யலாம்?</b>

மயிலிட்டி அக்காவும் நானும், பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இருவரும் சேர்ந்து நாலைந்து சனிக்கிழமைகளில் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

<b>சுவர்:</b> பூசாத சீமெந்துக் கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுண்ணாம்பு அடித்தால் அதே அறை விரிந்ததுபோல் தெரியும். நீற்றிய சுண்ணாம்புத் தூளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய சீலைத் துண்டால் வடித்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். ஒரு பிடி உப்பும், உடுப்புக்குப் போடும் நீலம் சில துளியும் சேருங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பின் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். தடிப்பாக அடித்தால் உதிரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுவர்களைத் தள்ளி வையுங்கள்.

<b>யன்னல்:</b> தனியாக இருக்கும் பெண்கள் பகலிலும் யன்னலைப் பூட்டி வைக்கிறார்கள். ஒழுங்கையால் போகிறவர் பார்ப்பார் என்ற பயம். அறை இருண்டு, மாரியில் பூஞ்சணமும் பிடிக்கிறது. இதற்குப் பாதித் திரை நல்லது. யன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் கம்பி கட்டித் துணியைத் தொங்கவிட்டால் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. மேற்பாதியால் காற்று வரும். முழுத் திரை வேண்டுமானால், நாலடி அகலமும் நாலடி உயரமும் உள்ள இரண்டு யன்னல்களுக்கு ஒரு பழைய சீலை போதும். சீலையை நாலரை அடி நீளத்தில் நாலு துண்டாக வெட்டி, யன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் சுருக்கும் வரும், கரையும் இரு பக்கமும் நேராக விழும்.

<b>பொருட்கள்:</b> உரப்பையில் கட்டித் தரையில் வைத்தால் ஈரமும் கறையானும் சேரும். ஒரு பனஞ்சலாகையைச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, தோள் உயரத்தில், சில இடங்களில் மட்டும் இறுக்கிக்கொண்டால் போதும். சீமெந்துக் கல்லை ஊருக்கெல்லாம் துளைக்கத் தேவையில்லை. அந்தச் சலாகையில் வேண்டிய அளவு ஆணி அடித்துச் சுளகு, பை, குடை, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் மாட்டலாம். மடித்த உடுப்புகளுக்குப் பனையோலைக் கடகமும் பெட்டியும் இருக்கின்றன. சார்வோலையைச் சாயத்தில் அவித்துப் பின்னினால் பெட்டியே சுவருக்கு அழகு. அடியில் காய்ந்த வேப்பிலை போட்டு, இரண்டு கல்லின் மேல் வையுங்கள். மாரி முடிந்ததும் ஒருநாள் வெயிலில் காய வையுங்கள். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவாக்கப்பட்ட நாள் முதல் ஓலைப் பொருட்களுக்கு நகரத்திலும் கேள்வி இருக்கிறது. வெளியூர்க்காரர் விலை கொடுத்து வாங்கும் பெட்டியைப் பின்னும் கைகள் எங்களுடையவை. அதில் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

<b>இருக்கை:</b> கட்டி மிஞ்சிய கற்களை அடுக்கி, வாசலோரம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிறு திண்ணை கட்டுங்கள். மண்ணால் கட்டிச் சாணத்தால் மெழுகினாலும் போதும். பின்னேரம் அதில் நீங்கள் இருங்கள். அயலில் உள்ள சகோதரியை அழையுங்கள். எல்லோரும் இருக்கலாம்.

<b>பத்திரங்கள்:</b> பெட்டகத்துக்குப் பதிலாக ஒரு தகரப் பெட்டி. காணி உறுதி, பிறப்புப் பதிவு, வங்கிப் புத்தகம், காணாமற்போனவர் தொடர்பான சான்றிதழ் ஆகியவற்றைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு உயரத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

<b>படத்தை எங்கே மாட்டுவது?</b>

இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கேட்க வாயெடுத்து விட்டவர்களும் உண்டு. இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறோம். திரும்பி வராதவரின் படத்துக்கு? மாலை போட்டால் முடிவு சொல்லியதாகிவிடும். போடாமல் பையின் அடியில் வைத்திருப்பதும் வேதனை. மயிலிட்டி அக்காவும் அப்படியே வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தைச் சாமிப்படத்தோடும் வைக்க வேண்டாம், இறந்தவர் படங்களோடும் வைக்க வேண்டாம். மகளின் பட்டமளிப்புப் படம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம் இருக்கும் இடத்தில், வீட்டாரில் ஒருவராக வையுங்கள். மாலை வேண்டாம். பக்கத்தில் போத்தலில் இரண்டு செவ்வரத்தை வைத்தால் அது வீட்டுக்கு வைத்த பூ. அயலார் எதையாவது கேட்டால், "இவர் எங்கட வீட்டுக்காரர்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு விளக்கம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

சலாகை அடிக்கும் நாளன்று சுத்தியலை நான் கையில் எடுத்தேன். "இஞ்சை தா பிள்ளை" என்று அக்கா வாங்கிக்கொண்டார். முதலாவது ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது ஏறியது. முதலில் மாட்டியது கடையில் கொடுத்த கலண்டர். அதன் பக்கத்தில் தாயாரின் சுளகு. படத்தை நாங்கள் எல்லோரும் போன பிறகு தனியாக மாட்டியிருந்தார்.

ஏழு பைகளில் ஆறு அவிழ்ந்தன. ஒன்றை அவர் அவிழ்க்கவில்லை. "அது கிடக்கட்டும் பிள்ளை" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பட்டவர்களுக்குத்தான் அது தெரியும். மாரி வெள்ளத்துக்கும் அப்படி ஒரு பை ஆயத்தமாக இருப்பது நல்லதுதான்.

பழைய வீட்டுப் பொருட்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர், 2020இல் நாவற்குழியில் திறக்கப்பட்ட சிவபூமி யாழ்ப்பாணம் அரும்பொருட் காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வந்து உங்கள் மூட்டையையும் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். காட்சியகத்தில் கண்டது ஏதாவது உங்களிடமும் இருக்கக்கூடும்.

இம்மாதம் உங்கள் வீட்டில் நீங்கள் செய்த ஒரு சிறு மாற்றத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவோம்.