சிம்பொனிக்கு நகரியில் இருந்து எவ்வளவு தூரம்?

நகரி: இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோது, அதை வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர். மும்பையில் 2006-இல் தொடங்கப்பட்ட 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா'விலும் ஆரம்பத்தில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கலைஞர்களே. இதற்குக் காரணம் இந்திய இளைஞர்களிடம் திறமை இல்லாததா? ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் இருந்து பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

விசைத்தறிகளும் தமிழ் பேசும் குடும்பங்களும் நிறைந்த இந்த ஊர், ரேணிகுண்டா - அரக்கோணம் ரயில் பாதையில் அமைந்துள்ளது. ஒருபுறம் திருப்பதி, மறுபுறம் சென்னை. திருப்பதியில் தேவஸ்தானத்தின் எஸ்.வி. இசை, நடனக் கல்லூரி 1959 முதல் இயங்கி வருகிறது. அங்கு வயலின் கற்பிக்கப்படுகிறது.

ஆனால், கர்நாடக இசை முறையில் வயலின் கற்ற மாணவர் நேரடியாக சிம்பொனி இசைக்குழுவில் இடம்பெற முடியாது. தரையில் அமர்ந்து, குரு வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். இசைக்குழுவிலோ ஐந்துகோட்டு இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். அருகில் இருப்பவரின் வில் செல்லும் திசையிலேயே தமது வில்லும் செல்ல வேண்டும். செல்லோ, ஓபோ, பிரெஞ்சு ஹார்ன் போன்றவற்றின் விலை தறித் தொழிலாளியின் வருமானத்துக்கு எட்டாதது. தடை இங்குதான் உள்ளது.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் அறக்கட்டளையின் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' இந்தத் தடையை உடைக்க முயல்கிறது. வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது மேற்கத்திய இசைப் பயிற்சியை இலவசமாக அளிக்கிறது. வெனிசுலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்டமா' இவ்வழியில் முன்னோடி. தனியாகத் தேர்ச்சி பெறும்வரை காத்திருக்க வைக்காமல், தொடக்கத்திலேயே குழந்தையைக் குழுவில் அமர்த்துவது அதன் முறை. உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் அங்கு பயின்றவரே. அரசின் விளம்பரத்துக்கு அது பயன்பட்டதாக விமர்சனமும் உண்டு.

பணம் மட்டுமே தடை அல்ல. பெரும்பாலும் ஆண்களே வாசித்து வந்த நாதஸ்வரத்தை ஆந்திரத்தைச் சேர்ந்த காலீஷாபி கையில் எடுத்தார். கணவர் ஷேக் மெஹபூப் சுபானியுடன் இணைந்து வாசித்து வரும் அவருக்கும் கணவருக்கும் 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இருவரும் இசைக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பின்னணி இல்லாத பெண்ணுக்குப் பயிற்சி நிலையமே துணை.

நகரியில் படிக்கும் பள்ளி மாணவி வாரந்தோறும் பல முறை சென்னைக்கு ரயிலேறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. திருப்பதி அவருக்கு அருகில் உள்ளது. அங்குள்ள வயலின் வகுப்புடன் ஐந்துகோட்டு இசைக்குறிப்பு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும், கருவிகளை இரவல் தரும் ஏற்பாட்டையும் சேர்ப்பது புதிய கல்லூரி கட்டுவதைவிடச் செலவு குறைந்தது.