பொறியின் தமிழும் பட்டறைத் தமிழும்

செயற்கை நுண்ணறிவுப் பொறி கட்டுரை எழுதுகின்றது; பாட்டுக் கட்டுகின்றது; வாழ்த்து மடல் வரைகின்றது. இனித் தமிழ் எழுத்தாளர்க்கு என்ன வேலை என்று பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆசிரிய நண்பர்களே வினவத் தொடங்கிவிட்டனர். பிழையற எழுதுவது ஒன்றே எழுத்தாளர் வேலை எனின், அவ்வச்சம் பொருளுடையதே.

ஆனால், 2022 நவம்பரில் வெளிவந்த சாட் சிபிடி முதலாய பொறிகள் எழுதும் வகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னரே மாந்தர் எழுதிக் கணிப்பொறியில் ஏறிய எழுத்துகளை மலைமலையாக விழுங்கி, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் மிகுவழக்கோ அதனையே அவை பெரும்பாலும் பெய்கின்றன. தனித்தமிழியக்கமோ பெருவழக்கை எதிர்த்துப் பிறந்தது! மறைமலையடிகள் அதனைத் தொடங்கிய 1916-இல் இப்பொறி இருந்திருப்பின், அன்றைய இதழ்களைக் கற்று 'அக்கிராசனர்', 'அபேட்சகர்' என்றே எழுதிக் குவித்திருக்கும். 'தலைவர்', 'வேட்பாளர்' என்பவற்றை நகைப்புக்கும் ஏச்சுக்கும் அஞ்சாது எழுதியெழுதி வழக்காக்கியவர் மாந்தரே. இன்று பொறி அவற்றை எழுதுகின்றது எனின், அவர்கள் எழுதிவைத்ததனால்தான்.

எழுத்தில் ஏறாத சொல்லின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெரம்பலூர் உழவர் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் படல் கட்டி, மேலே கூரை வேய்ந்து காப்பர். அவ்வமைப்புக்குப் 'பட்டறை' என்று பெயர். என் மாணவன் ஒருவன் பொறியைக் கொண்டு எழுதிவந்த வெங்காயக் கட்டுரையில் ஐந்திடத்தும் 'சேமிப்புக் கிடங்கு' என்றே இருந்தது. அவன் வீட்டுக் கொல்லையிலேயே பட்டறை இருக்கின்றது! தாய் வாய்ச்சொல்லைத் தாழ்வாக எண்ணும் இந்நோய் புதிதன்று. முன்னர் வடசொல்லாலும் ஆங்கிலத்தாலும் வந்தது, இப்பொழுது பொறியால் வருகின்றது. இத்தகு கட்டுரைகள் அச்சேறினால், அடுத்த பொறி அவற்றையே கற்கும். பட்டறை அங்கேயும் இராது.

அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, பொறி எழுதியதை எழுத்தாளர் ஆக்கமாகக் கொள்ளலாகாது என ஒப்பந்தம் பெற்றனர். அவர்தம் கூலிக்கு அது காப்பு. (நம் இதழ்களில் எழுதுவோர்க்குக் கூலியே இல்லையாதலின், அவ்விழப்பு நமக்கில்லை!) நமக்கு இழப்பு சொல்லிலேயே.

ஆசிரியத் தோழர்களே, வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு சுவடியைக் கொடுங்கள். வெங்காயப் பட்டறையிலும், அரியலூர் முந்திரித் தோப்பிலும், சுண்ணக்கல் வெட்டுமிடத்திலும் பெரியோர் வாயில் வழங்கும் சொற்களைப் பொருளும் ஊரும் குறித்து எழுதிவரச் சொல்லுங்கள். திருத்தாமல், அவர்கள் ஒலித்தவாறே எழுதட்டும். சொல்லின் வேரை நாம் பின்னர் ஆய்ந்துகொள்ளலாம்.