விளையாட்டும் வெற்றாரவாரமும்

விளையாட்டு உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்குச் செம்மையையும் அளிப்பது என்பதை மறுப்பார் இலர். வெற்றியில் அடக்கமும் தோல்வியில் அமைதியும் பழகுதற்கு ஆடுகளத்தினும் சிறந்த பள்ளி வேறில்லை. ஆயினும், ஆட்டம் தொடங்கு முன்னரே அதனைப் பற்றி எழுப்பப்படும் ஆரவாரமும், ஆட்டம் முடிந்த பின்னரும் அடங்காத ஊகமும், இன்று ஆட்டத்தையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெருகிவிட்டன. இவ்வாரவாரம் வெறும் காலக்கேடு மாத்திரமன்று. நாம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளாதபடி அது நம் செவியை அடைத்துவிடுகின்றது. நமது கல்லூரியின் விழா மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் அதுவே.

முதலில் நமக்குத் தூரத்தேயுள்ள ஓர் உதாரணத்தைக் காண்போம். றகர் என்னும் ஆட்டம் மன்னார் மண்ணில் வேரூன்றாத ஒன்று. றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் 1945ஆம் ஆண்டு முதல் பிராட்பி கேடயத்துக்காகப் பொருதிவரும் செய்தியை நம்மவர் பத்திரிகை வாயிலாகவே அறிவர். நமக்கு உறவும் பகையும் இல்லாத ஆட்டம் ஆதலின், விருப்பு வெறுப்பின்றி அதனை நோக்குதல் நமக்கு எளிது.

அவ்வாட்டத்தில் நியூசிலாந்துக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையிலுள்ள போட்டியே தலையாயது என்பர். 1921ஆம் ஆண்டில் அவை முதன்முதலாகத் தம்முள் மோதின. ஆளுக்கொரு வெற்றி பெற, மூன்றாம் ஆட்டம் ஒரு புள்ளியேனும் பெறப்படாமற் சமநிலையில் முடிந்தது. அன்று தொடங்கிய போட்டி ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்கா நான்கு முறையும் (1995, 2007, 2019, 2023) நியூசிலாந்து மூன்று முறையும் (1987, 2011, 2015) வென்றுள்ளன. 2026ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட நியூசிலாந்தின் தென்னாபிரிக்கப் பயணத்துக்கு, 'றகரின் மாபெரும் போட்டி' என்னும் பொருள்பட முன்கூட்டியே பெயரும் சூட்டிவிட்டனர். பிள்ளை பிறக்கு முன் பெயர் வைக்கும் வழக்கம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று போலும்!

இனி, முன்னுரைப்போரின் திறமையைச் சற்றே ஆராய்வோம். 1995ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் யோனா லோமு என்னும் நியூசிலாந்து இளைஞர், இங்கிலாந்து வீரர்களை நாணற் புற்களைப் போல ஒதுக்கி ஓடி, நான்கு முறை எல்லைக்கோட்டுக்கு அப்பாற் பந்தை ஊன்றினார். இறுதியாட்டத்தில் இவரைத் தடுப்பார் யாருமில்லை என்று உலகமெங்கும் எழுதினர். யொகனஸ்பேர்க் நகரில் 1995 ஜூன் 24இல் நிகழ்ந்தது யாது? லோமு மாத்திரமன்று, இருபக்கத்திலும் எவரும் பந்தை ஊன்றவில்லை. மேலதிக நேரத்தில் ஜோயல் ஸ்ரான்ஸ்கி உதைத்த ஓர் உதையினால் தென்னாபிரிக்கா 15க்கு 12 என வென்றது. லோமுவோ தமது விளையாட்டு வாழ்வு முழுவதிலும் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஒரு முறையேனும் பந்தை ஊன்றினாரல்லர்.

2023ஆம் ஆண்டிலும் இதுவே கதை. ஓகஸ்ட் மாதத்தில் இலண்டன் மாநகரில் தென்னாபிரிக்கா 35க்கு 7 என நியூசிலாந்தை வீழ்த்தியது. அந்நாடு அதுவரை கண்டிராத பெருந்தோல்வி அது. உலகக் கிண்ணத்தின் முதலாட்டத்திற் பிரான்சிடமும் அது தோற்றபோது, நியூசிலாந்தின் காலம் முடிந்தது என்று சாசனம் எழுதியோர் பலர். அதே அணி, தொடர்ந்து பதினேழு ஆட்டங்களில் வென்றிருந்த அயர்லாந்தை வீழ்த்தி இறுதியாட்டத்தை அடைந்து, தன் தலைவரைச் செவ்வட்டையினால் இழந்த பின்னரும், 12க்கு 11 என ஒரேயொரு புள்ளியாலேயே கிண்ணத்தை இழந்தது. முன்னுரைத்தோர் எவரும் தம் வாய்ச்சொல்லுக்கு ஒரு சதமேனும் இழக்கவில்லை. மறுநாள் வேறொன்றை முன்னுரைக்க அவர்களுக்குத் தடையுமில்லை.

ஆட்டத்துக்கு முன் கணிப்பு எனின், ஆட்டத்துக்குப் பின் வதந்தி. 1995ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர் பலர் வயிற்றுக் கோளாறினால் வருந்தினர். உடனே, விடுதிப் பணிப்பெண் ஒருத்தி உணவில் ஏதோ கலந்தாள் என்ற கதை எழுந்தது. அவளுக்கு ஒரு பெயரும் வழங்கலாயிற்று. இன்றுவரை அக்கதை எண்பிக்கப்படவில்லை, அது மறையவுமில்லை. வென்றவனின் வெற்றியையும் தோற்றவனின் பெருந்தன்மையையும் ஒருங்கே களவாடும் இத்தகைய கதைகளுக்குச் சான்று வேண்டியதில்லை. செவிகள் இருந்தாற் போதும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இவற்றால் வரும் கேடு யாது என வினவுவோர் இருக்கலாம். கேடு இதுதான்: இப்போட்டியின் வரலாற்றிலே எழுந்த மெய்யான கேள்வி, யார் வெல்வார் என்பதன்று, யார் ஆட அனுமதிக்கப்படுவார் என்பதே. 1949ஆம் ஆண்டில் நியூசிலாந்து தன் சொந்த மண்ணின் மைந்தராகிய மாவோரி வீரரை விலக்கியே தென்னாபிரிக்காவுக்கு அணியனுப்பியது. நிறவெறி அரசின் விருப்பம் அவ்வாறிருந்தது. 1960இலும் அதுவே நிகழ்ந்தது. மாவோரியர் இல்லையேற் பயணமும் வேண்டா என ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டும் பயனில்லை. 1970இல் மாவோரியர் சென்றனர். ஆனால், 'கௌரவ வெள்ளையர்' என்னும் இழிவான பட்டத்துடனேயே அங்கு ஏற்கப்பட்டனர். 1976ஆம் ஆண்டுப் பயணத்தின் விளைவாக இருபதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981இல் தென்னாபிரிக்க அணி நியூசிலாந்துக்கு வந்தபோது, ஹமில்ற்றன் நகரில் மக்கள் மைதானத்துள் இறங்கி நின்று ஆட்டத்தையே நிறுத்தினர். ஓக்லாந்து நகரிற் சிறு விமானமொன்றிலிருந்து மாப்பொதிகள் ஆடுகளத்தில் வீசப்பட்டன. பல்லாண்டுக் காலம் ஆரவாரத்தின் கீழ்ப் புதைந்து கிடந்த கேள்வி, இவ்வாறுதான் வெளிவர வேண்டியிருந்தது. 1995இல் நெல்சன் மண்டேலா தென்னாபிரிக்க அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்து கிண்ணத்தை வழங்கிய காட்சிக்கு மதிப்பு உண்டானதும் அக்கேள்வியாலேயே.

இந்த உண்மையை விளக்கப் பிறநாடு செல்ல வேண்டியதுமில்லை. நமது கடற்கரையே போதும். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களின் பெயரைக் கேட்டவுடன் முத்துக்குளிப்பு நினைவுக்கு வராத மன்னார்வாசி இல்லை. அக்காலத்தில் நாடோறும் கரைசேர்ந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறப்பட்டன. திறவாத சிப்பிக்கே விலை! உள்ளே முத்துண்டோ, வெறுஞ் சதைதானோ, வாங்குவோனும் அறியான், விற்போனும் அறியான். ஒருவன் விலையை உயர்த்தினால், அவன் ஏதோ அறிந்தவன் எனக் கருதி மற்றவனும் உயர்த்துவான். 1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த மயக்கத்திற் கம்பனியொன்று 1906இல் முத்துப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912இற் கம்பனி கலைந்தது. 1925 வரை குளிப்பே நிகழவில்லை. கடல் எவருடைய கணிப்புக்கும் கட்டுப்படவில்லை.

இவ்வேலத்தின் இரைச்சலில் எவரும் பேசாத ஒருவன் இருந்தான். கல்லின் பாரத்தால் ஆழ்ந்து, மூச்சடக்கி, கைக்கெட்டியதை வாரி வந்த குளியாளியே அவன். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசினருக்கு. எஞ்சிய ஒரு பங்கையே அவனும் அவன் துணைவரும் பகிர்ந்துகொண்டனர். ஏலக்காரரின் செல்வமும் நட்டமும் பேசப்பட்டன. கடலடிக்குச் சென்றவனின் மூச்சைப் பற்றிப் பேச்சில்லை. இன்றைய விளையாட்டு ஆரவாரமும் இத்தகையதே என்பது எனது துணிபு. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அன்றைய வியாபாரி தன் கைப்பொருளைக் கொடுத்து ஏமாந்தான். இன்றைய ஊகக்காரர் பிறர் கைப்பொருளைக் கொண்டே வாழ்கின்றனர். கைத்தொலைபேசியிற் பந்தயம் கட்டும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.

இனி, நம் வாயிலுக்கே வருவோம். நமக்கு றகர் இல்லையாயினும் கிறிக்கெற் உண்டு. இலங்கையும் இந்தியாவும் மோதும் நாளில் மன்னாரின் தேநீர்க்கடைகள் படும் பாட்டை யாவரும் அறிவர். 1996 மார்ச் மாதம் கல்கத்தாவில் நிகழ்ந்த அரையிறுதியில், எதிர்பார்ப்பு உடைந்த சனத்திரள் போத்தல்களை வீசித் தீயும் மூட்டியதனால் ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. நன்றாக ஆடி வென்றுகொண்டிருந்த அணிக்கு அது நிறைவான வெற்றியாகவும் அமையவில்லை. 2011 ஏப்பிரல் 2இல் மும்பாயில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் இந்தியா ஆறு விக்கெற்றுகளால் வென்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020இல், அவ்வாட்டம் விற்கப்பட்டது என முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ஒருவர் கூறினார். பொலிசார் விசாரித்தனர்; சான்று இல்லை என விசாரணை கைவிடப்பட்டது. ஆயினும், கதை தேநீர்க்கடையை விட்டு அகலவில்லை. யொகனஸ்பேர்க் பணிப்பெண்ணின் கதையும் இதுவும் உடன்பிறப்புக்கள் அன்றோ?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அந்நாட்களில், "நீ எந்தப் பக்கம்?" என்னும் கேள்வி இங்கு வேடிக்கையாகத் தொடங்கி வேடிக்கையாக முடிவதில்லை. இலங்கையின் வெற்றிக்கு மகிழ்ந்தவனை ஒரு சாரார் ஐயுறுகின்றனர். இந்தியாவின் ஆட்டத்தைப் புகழ்ந்தவனை மறுசாரார் ஐயுறுகின்றனர். கைதட்டலைக் கொண்டு ஒருவனது பற்றை நிறுக்கும் இத்தராசு யாரால் ஆக்கப்பட்டது? தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி கூப்பிடு தூரம் போலத் தோன்றும் கரையில் வாழ்வோர் நாம். அக்கரையின் ஆட்டத்தை ரசிப்பதும் இக்கரையின் அணியை நேசிப்பதும் ஒருவன் நெஞ்சில் ஒருங்கே இருத்தல் இயல்பே. கண்டியிற் பிறந்த தமிழராகிய முத்தையா முரளிதரன், இலங்கைக்காக ஆடி, 2010இற் காலியிலே இந்தியாவுக்கு எதிராகத் தமது 800ஆவது விக்கெற்றைப் பெற்றபோது, இரு நாட்டாரும் எழுந்து கைதட்டினர். ஆட்டம் அவ்வளவு பெரியது, தராசுதான் சிறியது.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் ஆட்டத்தை 'வடக்கின் பெரும்போர்' என்று வழங்குகின்றோம். அவ்விரு கல்லூரிகளின் நீண்ட நட்பை நான் போற்றுகின்றேன். ஆனால், மெய்யான போரைக் கண்டு, வீடும் உறவும் இழந்து, இடம்பெயர்ந்து மீண்ட மாவட்டத்தில் வாழும் நாம், பந்துக்கும் துடுப்புக்கும் அச்சொல்லை இரவல் கொடுக்கத்தான் வேண்டுமா?

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் மறத்தலாகாது. ஆரவாரம் இல்லையேற் சனம் வராது, சனம் வராவிடிற் பணம் வராது, பணமின்றேல் ஆட்டமும் வளராது என்பர். இதிற் பாதி உண்மை உண்டு. போட்டி வேண்டும்; அதனை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் 1879 முதல் பொருதிவரும் றகர்க் கிண்ணம் கல்கத்தாக் கிண்ணம் எனப்படும். கல்கத்தாவில் இருந்த றகர்க் கழகமொன்று கலைந்தபோது, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகங்களைக் கைப்பிடியாகவும் யானையை மூடியாகவும் அமைத்துச் செய்வித்து, 1878இல் அன்பளிப்பாக வழங்கியது அது. தாம் இல்லாத காலத்தும் பிறர் ஆடி மகிழட்டும் என்று பெட்டகத்தைக் காலிசெய்தனர். போட்டியை வளர்க்கும் வழி அதுவே.

நமக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. உதைபந்தாட்டம் மன்னாரின் சொந்த ஆட்டம். பேசாலைக் கரையிலும் தீவின் ஒழுங்கைகளிலும் வெறுங்காலுடன் ஆடும் சிறுவர்க்குக் குறைவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அச்சிறுவனுக்குப் பாதணி உண்டா? அவன் தங்கை ஆட விரும்பினால் அவளுக்கு மைதானத்தில் இடம் உண்டா? வலையிழுக்கும் தகப்பனின் மகன் தேசிய அணித் தெரிவுக்குக் கொழும்பு செல்லப் பிரயாணச் செலவு கொடுப்பார் யார்? பழைய மாணவராகிய நாம், ஆட்ட நாளின் வாத்தியத்துக்கும் விளம்பரத்துக்கும் செலவிடுவதிற் பாதியை இவற்றுக்கு ஒதுக்கினால், அதனினும் சிறந்த விழாக் கொண்டாட்டம் வேறில்லை. ஆசிரியர்கள் பந்தயத்தின் தீமையை வகுப்பறையில் வெளிப்படையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்தபின் இரு கல்லூரி மாணவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தையும் நாம் ஏற்படுத்தல் வேண்டும்.

மாணவர்களே! சிப்பியைத் திறக்கு முன் விலை கூறுவோரின் குரல் என்றும் உரத்தே ஒலிக்கும். அதனை நிறுத்த உங்களால் இயலாது. ஆயின், அக்கூட்டத்தில் நிற்பதா, மூச்சடக்கி மூழ்குபவனின் பக்கத்தில் நிற்பதா என்பதைத் தெரிந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஆடுங்கள், ஆடுவோரை ஆதரியுங்கள், எதிரணியார் நன்றாக ஆடினால் எழுந்து நின்று கைதட்டுங்கள். நமது கல்லூரிக்கு நீங்கள் ஈட்டித்தரும் நற்பெயர் அதுவாகுக.