வெள்ளோட்டம் சமதரையிலா, மலையிலா?

நெடும்பயணத்திற்கென ஆக்கப்படும் பெரிய குரூசர் மோட்டார் சைக்கிள்கள் மீது நம் இளைஞர்களுக்குத் தனி மோகம் உண்டு. சென்னையில் தயாராகி, 2023 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்த ரோயல் என்ஃபீல்ட் சுப்பர் மீட்டியர் 650ஐ எடுத்துக்கொள்வோம். எடை 241 கிலோ. அன்றாடம் நாம் காணும் 100 சிசி வண்டியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆசன உயரமோ 740 மி.மீ. மட்டுமே. கால்கள் எளிதில் தரையில் ஊன்றுவதால், நகர வீதியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்தப் பாரம் தெரிவதேயில்லை.

மலைநாட்டவருக்கு அந்தப் பத்து நிமிடம் போதாது. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதி ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஏறுகிறது. குரூசரின் கால்மிதிகள் தாழ்வானவை. வளைவில் வண்டி சற்று அதிகம் சாய்ந்தால் அவை தாரில் உரசும். இறக்கத்தில் பாரமே வண்டியை முன்தள்ளும். 2025 மே 11 அன்று கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் இதே வீதியில்தான்.

வெள்ளோட்டம் என்பது வேகம் பார்ப்பதல்ல. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நிறுத்தி, மீண்டும் புறப்பட்டுப் பாருங்கள். ஒடுங்கிய இடத்தில் நடைவேகத்தில் திருப்புங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். நீலகிரியானாலும் சுவிஸ் மலைகளானாலும் இதுவே முறை. விற்பவர் இதற்கு இணங்காவிட்டால் பணம் கட்ட அவசரப்படாதீர்கள், வண்டி காத்திருக்கும்.